வாடி ரின்னும் இருபத்தொரு நாள் விதியும்

"மருந்தொன்றினால் தீங்கு ஏற்பட்டதாகப் பொதுமகன் ஒருவர் எழுத்தில் முறையிடின், முறைப்பாடு கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் காரணங்காட்டிய பதில் அனுப்பப்படல் வேண்டும்."

எங்கள் நடைமுறைக் கோவையின் நான்காம் பிரிவில் இது இரண்டாவது வாசகம். மூன்றாவது வாசகம், அந்தப் பதிலைக் கொழும்பில் இருக்கும் மதிப்பீட்டுக் குழு மட்டுமே எழுதலாம் என்கிறது. இரண்டாவது வாசகம் முறைப்பாட்டாளருக்காக எழுதப்பட்டது. மூன்றாவதை யாருக்காக எழுதினார்கள் என்று முப்பத்தொரு வருடம் மன்னாரில் மருந்தாளராக இருந்தும் எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்றபின் என் கதிரையில் இருக்கும் தர்ஷிகா போன மாதம் தொலைபேசி எடுத்தாள்.

"மிஸ், திரும்ப அந்தக் கதை வந்திட்டுது. வயித்தில பிள்ளையோட பரசிற்றமோல் எடுத்தா பிள்ளைக்கு மூளை பிசகும் எண்டு ஒரு வெளிநாட்டு வீடியோ. கிளினிக்கில குடுத்த குளிசையைப் பெண்டுகள் மேசையில வச்சிட்டுப் போகினம். உங்கட காலத்தில என்ன செய்தனீங்கள்?"

"கடிதம் எழுதினனாங்கள்," என்றேன்.

"பிறகு?"

அந்தப் 'பிறகு'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் மருந்துகளின் பெயர்களைக் கற்றேன். மன்னாரில் அவற்றுக்குச் சனங்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கற்றேன். இரண்டாவது படிப்பு நீளமானது. இடையில் யுத்தம் வந்து போனது. அப்போதும் மாதாந்த அறிக்கை ஐந்தாம் திகதிக்குள் போக வேண்டும் என்றுதான் இருந்தது. போனது.

எங்கள் சுகாதாரப் பணிமனையின் தலைவரை எல்லோரும் பெரிய டொக்டர் என்போம். உயரம் ஐந்தடி இருக்கும். எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் வெறும் கையோடு. இரண்டாம் தரம் சிவப்புப் பேனையோடு. வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போடுவார். "பெயர்ச்சொல்லை எவரும் பிழையா எழுத மாட்டினம். பொய் வினைச்சொல்லிலதான் இருக்கும்" என்பது அவர் கொள்கை. "ஏற்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனால், "ஆர் பார்த்தது?" என்று கேட்பார். "ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது" என்று மாற்றிக்கொண்டு போனால், "ஆர் சொன்னது?" என்பார். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் அழுவார்கள். நான் இரண்டாம் வாரத்தில் அழுதேன். எதிலும் கொஞ்சம் மந்தம்.

அந்த முறைப்பாடு வந்தது ஒரு செப்டெம்பர் நான்காம் திகதி. எழுதியவர் விடத்தல்தீவைச் சேர்ந்த டெனிசன் என்ற மீனவர். கொப்பித்தாளில் முத்து முத்தான எழுத்து. மனைவி றெஜினா முதற் பிள்ளையை ஏழு மாதமாகச் சுமந்திருந்தபோது காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் மருத்துவிச்சியான குடும்பநல மாது பரசிற்றமோல் கொடுத்தார். பிறந்த பிள்ளை ஸ்ரெலாவுக்கு இப்போது நாலு வயது. ஒரு சொல்லும் பேசுவதில்லை. பரசிற்றமோலால்தான் இப்படி ஆகும் என்று தொலைபேசியில் வீடியோ வந்திருக்கிறது. மனைவி இப்போது திரும்பவும் மூன்று மாதக் கர்ப்பிணி. "இது உண்மையோ பொய்யோ எண்டு தயவுசெய்து எழுத்தில் அறியத் தரவும். வீட்டில் நிம்மதி இல்லை."

பெரிய டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். சிவப்புக் கோடு ஒன்றே ஒன்றுதான் போட்டார், 'இல்லை' என்பதன் கீழ்.

"இந்தக் கடிதத்தில அதுதான் உறுதியான தகவல்," என்றார். "போய்ப் பாருங்கோ. எந்தக் குளிசை, எத்தனை, எந்த மாதம், எதுக்கு. வேற என்ன விழுங்கினவ. முடிஞ்சா பிள்ளையையும் பாருங்கோ. படிவத்தில பிள்ளைக்கு இடமில்லை."

இடமில்லைத்தான். எங்கள் மஞ்சள் படிவத்தில் குளிசைக்குப் பதினாறு கட்டங்கள் உண்டு. உற்பத்தித் திகதி, தொகுதி இலக்கம், களஞ்சிய வெப்பநிலை. தீங்கு நேர்ந்தவருக்கு ஒரு கட்டம், அதுவும் வயதுக்கு.

விடத்தல்தீவுக்கு நானும் குடும்பநல மாது சாந்தினியும் போனோம். முறைப்பாட்டில் வரும் மாது அவள்தான். வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் எழுதி வச்சிருக்கிறன். ஆறு குளிசைதான் குடுத்தனான்."

"எழுதி வச்சிருந்தா ஏன் பயப்பிடுறாய்?"

"எழுதி வச்சிருக்கிறதாலதான் பயம். குடுத்ததெண்டு ஆதாரம் இருக்கே."

வீட்டில் டெனிசன் இல்லை, கடலுக்குப் போயிருந்தார். றெஜினாவும் மாமியார் திரேசம்மாவும் பிள்ளையும் இருந்தார்கள். திரேசம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ மிஸ். இவதானே மற்றவ? குளிசை குடுத்த மிசி? வாங்கோ, நீங்களும் வாங்கோ. குடுத்ததுக்குத் தேத்தண்ணி தாறன்."

சாந்தினி கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்தில் இருந்தது: காய்ச்சல், பரசிற்றமோல், ஆறு குளிசை, இரண்டு நாள். நான் படிவத்தில் எழுதினேன். பிறகு றெஜினாவிடம் கேட்டேன், அந்த மாதங்களில் வேறு ஏதாவது எடுத்ததா என்று. அவள் மாமியைப் பார்த்தாள். மாமி கூரையைப் பார்த்தார்.

"வாடி ரின்னில இருந்து எடுத்தனான்," என்றாள் றெஜினா.

இந்த ரின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரை வாடிகளில், அந்த ஓலைக் கொட்டில்களில், மீனவர் தங்கும்போது ஒரு பழைய பிஸ்கட் ரின், தகரப் பெட்டி, பொதுவில் இருக்கும். ஆஸ்பத்திரியிலோ கடையிலோ கிளினிக்கிலோ யாருக்கு எந்தக் குளிசை கிடைத்தாலும், சுகமானதும் மிச்சத்தை அதில் போடுவார்கள். வலை இழுத்து இடுப்புப் பிடித்தவன், வாடி முதலாளியான சம்மட்டியார், கரையில் நண்டு தரம் பிரிக்கிற பெண்கள், எல்லாருக்கும் அதிலிருந்துதான். வீண் செய்யக் கூடாது, ஒருவருக்கு மிஞ்சியது இன்னொருவருக்கு உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம். உறையைக் கழற்றிவிட்டுப் போடுவார்கள், இடம் பிடிக்குமென்று. உள்ளே நிறம் மட்டும்தான் மிஞ்சும். வெள்ளை என்றால் பரசிற்றமோல். மஞ்சள் என்றால் விற்றமின். சிவப்பு என்றால் 'கடும் நோவுக்கு'. இது விடத்தல்தீவின் மருந்தியல். இலுப்பைக்கடவையிலும் இதே பாடத்திட்டம்தான்.

அவர்களுடைய வாடியின் ரின் திரேசம்மாவின் பொறுப்பில் வீட்டில் இருந்தது. அலுமாரியிலிருந்து அதை எடுத்து வந்தார். மறைக்க நினைக்கவில்லை, பெருமையாகவே திறந்தார். நான் கிளறினேன். நீரிழிவுக் குளிசை, பிறஷர் குளிசை, பூச்சிக் குளிசை, பெயர் தெரியாத மூன்று. சிவப்பில் பாதிக்கு மேல் டைக்ளோபெனாக்.

"இதுவும் எடுத்தனீங்களோ?"

"கடைசி மாதங்களில கால் வீங்கி நிக்க ஏலாது மிஸ். நண்டு வாடிக்குப் போகவேணும். ஒரு நாளைக்கு ஒண்டு. சில நாள் ரெண்டு."

"ஆர் குடுத்தது?"

திரேசம்மாவின் கை ரின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. பிறகு மூடி கைதவறிச் சீமெந்து நிலத்தில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு முற்றத்துக் கோழி ஓடியது. சாந்தினியின் தேத்தண்ணி சட்டையில் ஊற்றுப்பட்டது. நான், முப்பத்தொரு வருட அரச சேவையில் எதற்கும் அசையாதவள், அசைந்தேன். ஸ்ரெலா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். மூடி அவளுக்கு இரண்டடி பின்னால் உருண்டு, சுற்றி, அடங்கியது. அவள் அடுத்த சிப்பியை வைத்தாள்.

நான் மூடியை எடுத்துத் திரும்பவும் போட்டேன். ஆராய்ச்சி முறைப்படி இரண்டாம் தரமும் செய்ய வேண்டும்.

"றெஜினா, பிள்ளைக்குக் காது கேக்கிறதோ எண்டு ஆரும் பார்த்ததோ?"

"அவ கூப்பிட்டா வருவா மிஸ்."

"முன்னுக்கு நிண்டு கூப்பிட்டாவோ, பின்னுக்கு நிண்டோ?"

அவள் யோசித்தாள். முகம் மாறுவதைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கும் படிவத்தில் கட்டமில்லை.

அடுத்த வாரமே செவிப்புலக் கிளினிக்குக்கு அனுப்பினோம். இரண்டு காதும் மிகக் குறைவு என்று வந்தது. காரணம்? அங்கே இருந்த வைத்தியர் தெரியாது என்று எழுதினார். பல பிள்ளைகளில் அது தெரியவருவதே இல்லை. நாலு வருடம் எல்லோரும் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளினிக்கில் நிறை பார்த்தோம், உயரம் அளந்தோம், தடுப்பூசி போட்டோம். பின்னால் நின்று கை தட்டியதில்லை.

திரேசம்மா மட்டும் விடவில்லை. "காது கேக்காததும் அந்தக் கிளினிக் குளிசையாலதானே மிஸ்?" என்று தொலைபேசியில் கேட்டார். சந்தேகத்துக்கு ஒரு வசதி உண்டு. வாயிலிருந்து காதுக்கு மாற்றினாலும் பொருந்தும்.

நான் அறிக்கை எழுதினேன். முதல் வரைவில், மாமியார் டைக்ளோபெனாக் கொடுத்ததை நாலு வரியில் விளக்கமாக எழுதியிருந்தேன். கொஞ்சம் ருசித்து எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய டொக்டர் சிவப்புப் பேனையை எடுக்கவே இல்லை.

"இந்த நாலு வரியால பிள்ளைக்குக் காது கேக்குமோ?"

"இல்லை."

"அந்தக் குளிசையாலதான் காது போனதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஆனா அது கர்ப்பத்தில எடுக்கக் கூடாத குளிசை, சேர். கடைசி மாதங்களில பிள்ளையின்ர இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்..."

"அது தெரியும். தெரிஞ்சதை எழுதுங்கோ. காதுக்குக் காரணம் தெரியாது. அதையும் எழுதுங்கோ. குற்றவாளியைப் பிடிக்கிற கந்தோர் சந்தியில இருக்கு, காக்கிச் சட்டை போட்டிருப்பினம். ஒரு பெண்ணில இருந்த பழியை எடுத்து இன்னொரு பெண்ணில வைக்கிறதுக்கு எங்களுக்கு வாகனம் தரேல்லை."

அறிக்கையைப் பிரித்து எழுதினேன். தெரிந்தது, தெரியாதது. ரின்னைப் பற்றி ஒரு வசனம் மட்டும் வைத்தேன். கொழும்புக்கு அனுப்பினோம். இருபத்தொராம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முதற் பதில் விரைவாகவே வந்தது: குறித்த பரசிற்றமோலின் தொகுதி இலக்கம் தரப்படவில்லை. ஐந்தாம் வருடத்துக்குள் போய்க்கொண்டிருந்த குளிசை. பழைய பதிவேடுகளைத் தேடி இலக்கத்தை அனுப்பினோம். அடுத்து, பரிசோதனைக்காகக் குளிசையின் மாதிரியை அனுப்பும்படி கேட்டார்கள். விழுங்கப்பட்டுவிட்டது என்று எழுதினேன். மூன்றாவதாக முழுக் கோவையும் திரும்பி வந்தது, டெனிசனின் கடிதம் தமிழில் இருக்கிறது என்ற குறிப்போடு. அதை மறுப்பதற்கில்லை.

நான் செய்த தவறை இங்கே எழுத வேண்டும். ரின்னை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டு மருந்தைக் கைப்பற்ற எனக்கு அதிகாரம் இல்லை. நடைமுறைக் கோவை அப்படித்தான் சொல்கிறது. கேட்டு வாங்கியிருக்கலாம். "சிவப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதிகாரம் இல்லாததைச் செய்யாமல் விடுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

நவம்பர் மழை பிடித்தது. விடத்தல்தீவுப் பக்கம் டெங்கு என்று அறிக்கைகள் வரத் தொடங்கின. ஒரு முற்பகல் இலுப்பைக்கடவையில் காலாவதியான மருந்துகளைப் பதிந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாந்தினி தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, எங்க நிக்கிறியள்? றெஜினாவுக்கு மூண்டு நாளாக் காய்ச்சல். பரசிற்றமோலைக் கையால தொடமாட்டாவாம். கொழும்பில இருந்து கடிதம் வரட்டுமாம். ஆஸ்பத்திரிக்கும் மாட்டாவாம், அங்கயும் அதைத்தானே குடுப்பினம் எண்டு. நான் சொன்னாக் கேப்பாவோ? நான்தானே குத்தவாளி."

போய் இறங்கியபோது றெஜினா பாயில் கிடந்தாள். கண் சிவந்திருந்தது. தலைமாட்டில் ஒரு சோசர். அதில் ஒரு சிவப்புக் குளிசை.

"இது என்ன?"

"பயப்பிடாதேங்கோ மிஸ், இது பரசிற்றமோல் இல்லை," என்றார் திரேசம்மா. "அதுதான் கூடாதெண்டு சொல்லீனமே. இது வேற. காலமை ஒண்டு குடுத்தனான். நெருப்புக் காய்ச்சல், சும்மா விடலாமோ?"

முப்பத்தொரு வருடத்தில் நான் கேட்ட வசனங்களில் என்னைப் பிடித்து உலுக்கியது அதுதான். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஒரு குளிசை கூடாது என்று உலகம் சொன்னது. பதில் தர வேண்டிய நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவர் மற்றதை எடுத்தார். டெங்குக் காய்ச்சலில் அந்தச் சிவப்புக் குளிசை இரத்தப்போக்கைக் கூட்டக் கூடியது. வயிற்றில் ஆறாவது மாதப் பிள்ளை.

வாகனத்தைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். றெஜினா எழும்பவில்லை.

"எழுத்தில தாங்கோ மிஸ்."

"ஆஸ்பத்திரியில போய்க் கதைப்பம், எழும்பு பிள்ளை."

"வாயால எல்லாரும் சொல்லீனம். வீடியோவிலயும் வாயாலதான் சொல்லீனம். ஸ்ரெலா வயித்தில இருக்கேக்கயும் வாயாலதான் சொன்னவை, ஒண்டுமில்லை, குளிசையைக் குடியுங்கோ எண்டு. எனக்கு எழுத்தில வேணும்."

எங்கள் பணிமனையே எழுத்தை நம்பித்தான் நடக்கிறது. அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? மஞ்சள் படிவம் ஒன்றைத் திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் எழுதினேன்.

"காய்ச்சலுக்கு வைத்தியர் சொல்லும் அளவில் பரசிற்றமோல் எடுக்கலாம், தேவைக்கு மட்டும், குறைந்த நாட்களுக்கு. கடும் காய்ச்சலை அப்படியே விடுவது உங்களுக்கும் பிள்ளைக்கும் கூடாது. வாடி ரின்னில் உள்ள எதையும் எடுக்க வேண்டாம். ஸ்ரெலாவின் காதுக்குக் காரணம் எங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை."

பெயர், பதவி, திகதி, ஒப்பம். மூன்றாவது வாசகத்தின்படி இந்த ஐந்து வரியையும் எழுத எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

றெஜினா கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள், பெரிய டொக்டரைப் போல.

"சீல் இல்லையே?" என்றார் திரேசம்மா.

கைப்பையில் ஒரு சீல் இருந்தது. 'காலாவதியானது, அழிக்கப்பட வேண்டும்' என்பது அதன் வாசகம். அதை நான் வெளியே எடுக்கவில்லை.

"சீல் பிறகு வரும் அம்மா. இப்ப வாகனம் வந்திருக்கு."

றெஜினா தாளை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். எழும்பினாள்.

அவள் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். அதில் இரண்டு நாள் மோசமாக இருந்தன. டெங்குதான். குருதிச் சிறுதட்டுகளின் (பிளேற்லெற்) எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. உள்ளே வந்த வைத்தியர் என்ன மருந்து எடுத்தது என்று கேட்டபோது, திரேசம்மா துணிப் பையிலிருந்து ரின்னையே எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"இதில சிவப்பு. நான்தான் குடுத்தனான்," என்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "முந்தினதுக்கும் நான்தான் குடுத்தனான். கால் நோவெண்டு. சுகப்படட்டும் எண்டுதான் குடுத்தனான் டொக்டர்."

றெஜினா கண்ணைத் திறக்காமல், "மாமி, அந்தத் தாளில கடைசி வரியை வாசியுங்கோ. அது உங்களுக்கும்தான்," என்றாள்.

ரின்னை என்னிடம் தந்துவிட்டார்கள். மூடியை மட்டும் திரேசம்மா திருப்பிக் கேட்டார். ஏன் என்று கேட்டேன். "பேத்திக்குக் காதில மிசின் பூட்டினாப் பிறகு போட்டுப் பாக்க," என்றார்.

நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றிப் பெரிய டொக்டருக்கு நானே போய்ச் சொன்னேன். விளக்கம் கோரும் கடிதத்தை எதிர்பார்த்து, அதற்கான பதிலையும் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். அவர் தாளைக் கொண்டுவரச் சொன்னார். டெனிசன் கொண்டுவந்து கொடுத்தார். வெறும் கையோடு ஒரு தரம், சிவப்புப் பேனையோடு ஒரு தரம். 'எடுக்கலாம்' என்பதில் பேனை நின்றது. பிறகு கோடு போடாமலே கீழே ஒப்பமிட்டார். மேசை லாச்சியைத் திறந்து பணிமனைச் சீலை எடுத்து, அழுத்தி அடித்தார்.

"இனி இது ரெண்டு பேரின்ர பிழை," என்றார்.

தாள் திரும்பவும் செபப் புத்தகத்துக்குப் போனது.

பெப்ரவரிக் கடைசியில் ஆண்பிள்ளை பிறந்தது. சாந்தினி மூன்றாம் நாளே பின்னால் நின்று கை தட்டிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை துடித்து அழுததாகவும், திரேசம்மா அவளைப் பேசியதாகவும், பிறகு இன்னொரு தரம் தட்டச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். ஸ்ரெலாவுக்குச் செவிப்புலக் கருவி ஜூலையில் கிடைத்தது. நான் ஓகஸ்டில் ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் ஒரு சுவர்க் கடிகாரமும், நடைமுறைக் கோவையின் புதிய பதிப்பும் தந்தார்கள். நான்காம் பிரிவு மாறவில்லை.

மதிப்பீட்டுக் குழுவின் பதில் வந்த அன்று தர்ஷிகா எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். மூன்று பக்கம். மேலே 'அவசரம்' என்ற முத்திரை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் நான் எழுதிய ஐந்து வரியும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. 'எடுக்கலாம்' என்பது மட்டும் 'எடுப்பது பற்றிப் பரிசீலிக்கலாம்' என்று திருந்தியிருந்தது. பெரிய டொக்டர் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டாராம்.

பிரதியை விடத்தல்தீவுக்கு நேரில் கொண்டுபோனவள் சாந்தினி. றெஜினா வாசிக்கவில்லை, கை ஈரம் என்று சொல்லி அலுமாரியில் வைக்கச் சொன்னாளாம். சின்னவன் அப்போதுதான் எழுந்து நிற்கப் பழகியிருந்தான். ஸ்ரெலா முற்றத்தில் ரின் மூடியைப் போட்டுப் போட்டு, விழும் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். திரேசம்மா காதைப் பொத்திக்கொண்டு இருந்தாராம், நிறுத்தச் சொல்லவில்லையாம்.

வரவுப் பதிவேட்டில் தர்ஷிகா எழுதிய வரி இது: விடத்தல்தீவு, டெனிசன், பரசிற்றமோல் முறைப்பாடு. பதில் கிடைத்த திகதி, அடுத்த வருடம் டிசம்பர் 11.